களமும் சக்கரமும்

சென்ற கோடை விடுமுறைக்குக் கோவையிலிருந்து கீரனூர் வந்த எம் பேத்தியின் பெட்டியில் துணிமணிகளுக்கு அடியில் ஒரு ஜோடி சக்கரக் காலணி இருந்தது. கணுக்கால் வரை இறுகப் பூட்டிக்கொள்ளும் சப்பாத்து. அதன் அடியில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு சக்கரங்கள். இதனை ‘இன்லைன் ஸ்கேட்டிங்’ காலணி என்கிறார்கள். வந்த மறுநாள் அஸர் தொழுகை முடிந்து நாம் வீடு திரும்பியபோது, அந்தக் காலணியைக் கையில் தூக்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். “நன்னா, இதைப் போட்டுக்கிட்டு நான் எங்கே ஓட்டுறது?” என்று கேட்டாள்.

எளிய கேள்விதான். ஆனால் விடை சொல்ல முடியவில்லை. வீட்டு வாசலில் பதித்திருக்கும் சிமெண்டுக் கற்களின் இடுக்குகளில் சக்கரம் சிக்கி ஆளைக் குப்புறத் தள்ளும். தார்ச் சாலையில் ஜல்லி பெயர்ந்து கிடக்கிறது. அதோடு பழனிக்கும் தாராபுரத்துக்கும் ஓடும் வண்டிகள் குழந்தையைப் பார்த்து வேகம் குறைப்பனவும் அல்ல. பள்ளிக்கூட மைதானமோ மண் தரை. ஆக, பல்லாயிரம் பேர் வாழும் ஓர் ஊரில், பத்து வயதுப் பெண்ணொருத்தி சக்கரக் காலோடு பத்து நிமிடம் ஓடுவதற்கு இடமில்லை என்பதை அன்றுதான் நாம் உணர்ந்தோம்.

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு நாம் சில நூல்களையும் பழைய செய்திகளையும் புரட்டினோம். ஓடுதளங்கள் எவ்வாறு பிறக்கின்றன, எவ்வாறு மடிகின்றன, மடிந்தவை எவ்வாறு மீண்டும் உயிர் பெறுகின்றன என்பதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. அதில் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு இருப்பது கண்டு வியந்தோம். வாசக நேயர்களோடு அதனைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சக்கரக் காலணியைப் பற்றிச் சொல்லத் தொடங்குவோர் எல்லாரும் ஜான் ஜோசப் மெர்லின் என்பவரிடமிருந்தே தொடங்குவர். பெல்ஜிய நாட்டவர், கடிகாரங்களும் இசைக்கருவிகளும் செய்வதில் வல்லவர், 1760-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகருக்கு வந்து சேர்ந்தவர். ஒரு மாறுவேட விருந்துக்கு, தாமே செய்த சக்கரக் காலணியை அணிந்து, கையில் வயலினை வாசித்துக்கொண்டே உருண்டு நுழைந்தாராம். நுழைந்தவருக்கு நிற்கும் வழி தெரியவில்லை. சுவரிலிருந்த விலையுயர்ந்த நிலைக்கண்ணாடியின்மீது மோதி, கண்ணாடி, வயலின் இரண்டையும் உடைத்து, தாமும் காயமுற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஓடக் கற்பதற்கு முன்னே நிற்கக் கற்க வேண்டும் என்பதை இன்றும் பயிற்சியாளர்கள் முதல் நாளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதன் காரணம் மெர்லினின் கண்ணாடியிலேயே தெரிகிறது!

அதன் பின்னர் 1823-ஆம் ஆண்டில் இலண்டனில் பழ வணிகம் செய்த இராபர்ட் ஜான் டையர்ஸ் என்பவர், ஐந்து சக்கரங்களை ஒரே வரிசையில் அமைத்து ‘ரோலிட்டோ’ என்ற பெயரில் ஒரு காலணிக்கு உரிமை பெற்றார். இன்று ‘இன்லைன்’ என்று புதுமையாகப் பேசப்படுவது, இருநூறாண்டுகளுக்கு முன் ஒரு பழக்கடைக்காரரின் மூளையில் உதித்ததுதான். ஆனால் அது நிலைக்கவில்லை. 1863-ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளிம்ப்டன், முன்னே இரண்டு பின்னே இரண்டு எனச் சக்கரங்களைப் பொருத்தி, இடையில் இரப்பர் மெத்தை வைத்தார். உடலைச் சாய்த்தால் காலணியும் அப்பக்கம் திரும்பும். அந்த ஒரு நுட்பம் உலகையே சுழல வைத்தது. 1870-களின் நடுவில் இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் ஸ்கேட்டிங் கூடங்கள் முளைத்தன. பித்துப் பிடித்தாற்போல் மக்கள் அவற்றில் குவிந்தனர். பித்து தெளிந்ததும் பல கூடங்கள் வேறு வேலைகளுக்கு மாறிவிட்டன. தளங்களின் பிறப்பும் இறப்பும் அப்போதே தொடங்கிவிட்டது எனலாம்.

ஆங்கிலேயர் தம் பொழுதுபோக்குகளைத் தம்மோடு மலைவாசத்தலங்களுக்கும் கொண்டு வந்தனர். இமயமலைச் சரிவிலுள்ள முசூரியில் அவர்கள் காலத்தில் பெரிய மரத்தளக் கூடம் ஒன்று அமைந்து, அம்மலையூரின் பெயரோடு ஸ்கேட்டிங்கின் பெயரும் ஒட்டிக்கொண்டது. வெள்ளையர் போன பின்னும் முசூரி இளைஞர் அந்தப் பழக்கத்தை விட்டுவிடவில்லை. 1975-ஆம் ஆண்டில் அவ்வூர் இளைஞர் சிலர் சக்கரக் காலணி அணிந்தே டெல்லி வரை சாலை வழியாக ஓடிச் சென்றனர். அன்றைய சாலையையும் அன்றைய சக்கரத்தையும் நினைத்துப் பார்த்தால், அவர்களுடைய முழங்கால்களின்மேல் நமக்கு இரக்கம் பிறக்கிறது. 1955-ஆம் ஆண்டிலேயே இந்திய ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பு தோன்றிவிட்டது. எனினும் நெடுங்காலம் இது மலையூர்களிலும் பெருநகரங்களிலும் உள்ள வசதி படைத்தோரின் ஆட்டமாகவே இருந்தது.

பழக்கடைக்காரரின் ஒற்றை வரிசைக் காலணி மறுபிறவி எடுத்தது 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஸ்காட் ஆல்சன் என்ற ஹாக்கி இளைஞர், பனி உருகிப்போகும் கோடையிலும் பயிற்சி செய்ய வழி தேடினார். பழைய ஒற்றை வரிசைக் காலணி ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதைத் தம் தம்பியோடு சேர்ந்து சீர்செய்தார். ‘ரோலர்பிளேடு’ என்ற வணிகப் பெயர் அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது. பனிக்கத்தியின் வேலையை உருளும் சக்கரம் செய்தது; எனவே பனியையே காணாத நாடுகளும் இப்போது பனி விளையாட்டின் பாடத்தைக் கற்கலாயின.

இங்கே தளத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் பெற்றோர் பலர், சிமெண்டைக் கொட்டி மட்டப்படுத்தினால் தளமாகிவிடும் என்று எண்ணுகின்றனர். பன்னாட்டுப் போட்டிக்கான தளம் 200 மீட்டர் சுற்றளவுடையது. இரு நேர்ப்பகுதிகளும் மட்டமாக இருக்கும். இரு வளைவுகளும் கிண்ணத்தின் விளிம்புபோல் வெளிப்புறம் உயர்ந்து செல்லும். நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வரும் வீரனை வளைவு வெளியே தூக்கி எறியாமல் அந்தச் சாய்வுதான் தாங்கிப் பிடிக்கிறது. மேற்பரப்பு கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தால் சக்கரம் பிடிக்காமல் நழுவும். உப்புத்தாள்போல் சொரசொரப்பாக இருந்தால் வேகத்தையும் சக்கரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். போட்டி வீரர்களின் சக்கரங்கள் 110 மில்லிமீட்டர் விட்டமுள்ளவை. பாலியூரித்தேன் என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. ஒரு மணற்பருக்கை போதும், அவற்றை வழுக்கிவிட. மழைத்துளி விழுந்தால் ஓட்டத்தையே நிறுத்த வேண்டும்.

நம் பகுதியின் ஆடிக் காற்றை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்று, பழனியைச் சூழ்ந்த சமவெளிக்கும் புழுதியை அள்ளி வருகிறது. இங்கு ஒரு தளம் கட்டப்பட்டால், அதைக் கட்டும் கொத்தனாரைவிட நாள்தோறும் கூட்டும் துடைப்பக்காரரே முக்கியமானவர். கட்டுவதற்குப் பணம் ஒருமுறை ஒதுக்கப்படும். கூட்டுவதற்கு யார் ஒதுக்குவது? தளங்கள் மடியும் இரகசியம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இதற்குப் பெரிய அளவிலான ஓர் எடுத்துக்காட்டு தென் அமெரிக்காவில் உண்டு. கொலம்பியா நாட்டின் தோலிமா மாநிலத் தலைநகர் இபாகே. 1550-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மலைச்சாரல் நகரம். கொலம்பியாவின் இசைத் தலைநகர் என்று அந்நாட்டார் பெருமையுடன் அழைப்பர். 2015-ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டுகளை நடத்தும் பொறுப்பு இந்நகருக்குக் கிடைத்தது. பழைய அரங்குகள் இடிக்கப்பட்டன. புதியனவற்றுக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. பணம் போன இடம் வேறு. விளையாட்டு விழா வந்தபோது அரங்குகள் முடியவில்லை. பல போட்டிகள் பிற ஊர்களுக்கு மாற்றப்பட்டன. நகரின் மேயராக இருந்தவரே பின்னர் தண்டனை பெற்றுச் சிறை சென்றார். நகரத்துப் பிள்ளைகளுக்கோ, இடிக்கப்பட்ட பழைய அரங்கும் இல்லை, வாக்களிக்கப்பட்ட புதிய அரங்கும் இல்லை. புல் முளைத்த கம்பிகளும் பாதிச் சுவர்களும் ஆண்டுக்கணக்கில் நின்றன.

ஆயினும் கொலம்பியாவில் ஸ்கேட்டிங் என்பது நம் ஊரில் கிரிக்கெட் போன்றது. பள்ளி விட்டதும் குழந்தைகள் சக்கரக் காலணியைத் தோளில் மாட்டிக்கொண்டு தளத்துக்குப் போவார்கள். உலகப் போட்டிகளில் அந்நாட்டை வெல்ல ஆளில்லை என்னும் அளவுக்குப் பதக்கங்களைக் குவித்து வருகிறது. இத்தகைய நாட்டில் ஒரு நகரம் தளமின்றி நெடுநாள் இருக்க முடியாது அல்லவா? வழக்குகள் ஒருபுறம் நடக்க, நின்ற பணிகள் மறுபுறம் மெல்ல மெல்ல மீண்டும் எடுக்கப்பட்டன. 2021 நவம்பரில், ஊழலால் பெயர் கெட்ட அதே இபாகே நகரம் உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியையே நடத்திக் காட்டியது.

அந்தப் போட்டியில்தான் நம் வரலாறும் வந்து கலக்கிறது. இளையோர் பிரிவில் 15 கிலோமீட்டர் எலிமினேஷன் ஓட்டம். ஓட்டம் நடக்க நடக்கக் கடைசியாக வருவோர் ஒவ்வொருவராக நீக்கப்படுவார்கள். ஆகவே இறுதிவரை நிற்பவனுக்குக் காலும் வேண்டும், கணக்கும் வேண்டும். இதில் சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் இரண்டாவதாக வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். முதலிடம், சொந்த மண்ணில் ஓடிய கொலம்பிய இளைஞருக்கு மயிரிழையில் போயிற்று. இளையோர் உலகப் போட்டியில் ஸ்பீடு ஸ்கேட்டிங் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் என்ற பெருமை, ஸ்கேட்டிங்குக்குப் பெயர்பெற்ற மலையூர்க்காரருக்கு அன்று, வெயில் காயும் சோழமண்டலக் கரைப் பிள்ளைக்கு வாய்த்தது.

அவர் அத்தோடு நிற்கவில்லை. சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், 2023 அக்டோபர் 2-ஆம் நாள், 3000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்திய ஆடவர் அணியும் மகளிர் அணியும் ஆளுக்கொரு வெண்கலம் வென்றன. ஆடவர் அணியில் ஆனந்த்குமார். மகளிர் அணியில் தமிழகத்தின் ஆரத்தி கஸ்தூரிராஜ், கார்த்திகா ஜெகதீஸ்வரன் ஆகிய இருவர். அந்த ஆடவர் ஓட்டத்தில் நடந்த வேடிக்கை ஒன்றைச் சொல்லாமல் செல்ல மனமில்லை. முதலாவதாக வந்த தென்கொரிய வீரர் கோட்டைத் தொடுமுன்பே வெற்றிக்களிப்பில் இரு கைகளையும் உயர்த்திவிட்டார். பின்னால் வந்த தைவான் வீரர் காலை நீட்டிக் கோட்டைத் தொட்டார். வேறுபாடு ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கு. தங்கம் கைமாறியது! தங்கம் வென்றிருந்தால் கொரிய வீரர்களுக்குக் கட்டாய இராணுவப் பணியிலிருந்து விலக்குக் கிடைத்திருக்கும். உயர்த்திய இரு கைகள் அதையும் கொண்டுபோயின. எம் பேத்திக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, “அப்போ நம்ம பிள்ளைங்க கையைத் தூக்கலையா, நன்னா?” என்று கேட்டாள். மூன்றாவதாக வந்து, கோட்டைக் கடந்த பிறகு தூக்கினார்கள் என்று சொன்னோம்.

பின்னர் 2025 ஆகஸ்டில் செங்டு நகரில் நடந்த உலக விளையாட்டுகளில் 1000 மீட்டரில் வெண்கலம். அதற்கடுத்த மாதமே சீனாவின் பெய்டைஹே நகரில் நடந்த உலகப் போட்டியில் 1000 மீட்டரில் தங்கம், 42 கிலோமீட்டர் மாரத்தானில் மற்றொரு தங்கம். இந்த விளையாட்டில் உலகப் பட்டம் சூடிய முதல் இந்தியர் ஒரு தமிழர். இச்செய்தி நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவரின் திருமணச் செய்தி தெரிந்த அளவுக்குத் தெரியாது என்பது உறுதி.

விழாவுக்குக் கட்டி, விழா முடிந்ததும் பூட்டிவிடும் வழக்கம் கொலம்பியாவுக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டின் டேராடூனில், 2011-ஆம் ஆண்டின் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக ‘ஹிமாத்ரி’ என்ற பெயரில் பனித்தளக் கூடம் ஒன்று எழுந்தது. பெரும் பொருட்செலவு. விழா நடந்தது, விருந்தினர் போயினர். சமவெளியின் வெப்பத்தில் பனியை உறைய வைக்கும் செலவை ஏற்க ஆளில்லாமல், கூடம் பத்தாண்டுகளுக்கு மேல் பயனின்றிக் கிடந்தது. அக்காலத்தில் இந்தியப் பனிச்சறுக்கு வீரர்கள் பயிற்சிக்கு வெளிநாடு செல்ல வேண்டியிருந்தது. வசதியற்றவர் சக்கரக் காலணியோடு நின்றுவிட்டனர். 2025-இல் அக்கூடம் புதுப்பிக்கப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டு 20 முதல் 23 வரை ஆசிய ஓப்பன் பனிச்சறுக்குப் போட்டி அங்கே நடந்தேறியது. மகிழ்ச்சிதான். ஆனால் 2011-இல் பத்து வயதாக இருந்த குழந்தைக்கு 2025-இல் இருபத்துநான்கு வயது. பூட்டிய கதவுக்கு வெளியே கழிந்த ஒரு குழந்தைப் பருவத்தை எந்தப் புதுப்பிப்பும் திருப்பித் தராது. தளம் புத்துயிர் பெற்ற கதையை எழுதுவோர் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு சிற்றூர்க் கதை நம் மனத்தை மிகக் கவர்ந்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒக்காலா என்ற ஊர். பனியென்பதே அறியாத வெப்பமான மண். பந்தயக் குதிரை வளர்ப்புக்குப் பெயர்பெற்றது. உலகின் குதிரைத் தலைநகர் என்று தன்னை அழைத்துக்கொள்கிறது. (இராவுத்தர் என்ற சொல்லே குதிரை வீரனைக் குறிப்பதாயிற்றே, நம்மவர்க்கு அவ்வூரின்மேல் ஒரு பாசம் வருவதில் வியப்பில்லை.) அங்கே வாடகைக்குச் சக்கரக் காலணி கொடுத்துப் பிழைக்கும் சாதாரணக் கூடம் ஒன்றில், ரெனே ஹில்டிபிராண்ட் என்ற பெண்மணி, பிழைப்புக்கு உடலியக்க மருத்துவம் பார்த்துக்கொண்டே, பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் கற்றுக் கொடுத்தார். அவரிடம் கற்ற பிரிட்டனி போவ், ஜோயி மான்டியா, எரின் ஜாக்சன் ஆகிய மூவரும் பின்னாளில் சக்கரத்திலிருந்து பனிக்கு மாறி ஒலிம்பிக் பதக்கம் பெற்றனர். எரின் ஜாக்சன் 2022-ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் 500 மீட்டரில் தங்கம் வென்று, தனிநபர் குளிர்கால ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் என்று பெயர் பெற்றார். ஒரே ஊர், ஒரே ஆசிரியை, மூன்று ஒலிம்பிக் வீரர்கள்! கோடி கொட்டிய கட்டடம் அங்கே இல்லை. நாள் தவறாமல் வந்து நின்ற ஒரு மனுஷி இருந்தார்.

இனி, நம் குடும்பத்தார் மனத்தில் எழக்கூடிய கேள்விக்கு வருவோம். எம் வீட்டிலேயே அது எழுந்தது. பெண்பிள்ளை சக்கரக் காலோடு ஊர்ப் பார்வையில் ஓடுவதா என்று பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். அவரிடம் நாம் வாதம் புரியவில்லை. இரண்டு செய்திகளைச் சொன்னோம்.

ஒன்று, அபுதாபியைச் சேர்ந்த ஜஹ்ரா லாரியைப் பற்றியது. பதினோரு வயதளவில் ஒரு திரைப்படம் பார்த்துப் பனிச்சறுக்கு நடனத்தில் ஆசை கொண்டவர். பலர் முன்னிலையில் மகள் ஆடுவதற்குத் தந்தை முதலில் தயங்கினார். தோழியரின் போட்டியைப் பார்க்க மகள் சென்று, பார்வையாளர் இருக்கையிலிருந்து கைதட்டிக் கொண்டிருந்ததைக் கண்டதும் அவர் மனம் இளகியது. 2012-ஆம் ஆண்டு இத்தாலியில் நடந்த போட்டியில் ஜஹ்ரா தலையை மறைக்கும் ஹிஜாபோடு களம் இறங்கினார். பன்னாட்டுப் பனிச்சறுக்குப் போட்டியில் அவ்வாறு இறங்கிய முதல் பெண் அவரே. தலைத்துணிக்காக நடுவர் புள்ளி குறைத்தனர். அவர் துணியையும் விடவில்லை, ஆட்டத்தையும் விடவில்லை, எடுத்துரைத்தார், பின்னர் அதற்குப் புள்ளி குறைப்பது நின்றது. வீட்டாரின் தயக்கம், நடுவரின் விதி என்ற இரண்டு கதவுகளையும் ஒரு பெண் பொறுமையாகத் தட்டித் திறந்தார்.

மற்றொன்று, காபூல் நகரின் கதை. 2007-ஆம் ஆண்டில் அங்கு சென்ற ஆஸ்திரேலியர் ஒருவர் சக்கரப் பலகையில் தெருவில் உருண்டபோது பிள்ளைகள் சூழ்ந்துகொண்டனர். பெண்பிள்ளைகளும் வந்தனர். சைக்கிள் ஓட்டுவது பெண்களுக்கு ஆகாது என்று அங்கே வழக்கம் இருந்தது. பட்டம் விடுவதும் ஆண்பிள்ளைகளுக்கே உரியது. ஆனால் சக்கரப் பலகையோ அதுவரை யாரும் காணாத பொருள். ஆகாது என்று சொல்ல ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை! 2009-இல் ‘ஸ்கேட்டிஸ்தான்’ என்ற பெயரில் கூரையிட்ட கூடம் எழுந்தது. வந்தவருள் ஐந்தில் இரு பங்கினர் பெண்கள். சக்கரத்தோடு எழுத்தும் கணக்கும் கற்றனர். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2020-இல் ஆஸ்கார் பரிசு பெற்றது. 2021 ஆகஸ்டில் ஆட்சி மாறியது. கூடத்தின் கதவுகள் மூடின. அந்தப் பெண்பிள்ளைகளை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. தளம் மடிவதற்குப் புழுதியும் ஊழலும் மின்கட்டணமும் மட்டுமே காரணம் அல்ல.

முகம் சுளித்த பெரியவர் மறுமொழி சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அவரே ஓர் இடத்தைச் சொன்னார். அதுதான் அரிசி ஆலைக் களம்.

ஊரின் ஓரத்தில், பல ஆண்டுகளுக்கு முன் நின்றுபோன ஆலை ஒன்று இருக்கிறது. புகைபோக்கி இன்னும் நிற்கிறது. அதன் உச்சியில் அரசங்கன்று. அவித்த நெல்லைக் காயப்போட அமைத்த சிமெண்டுக் களம் அதன் முன்னே விரிந்து கிடக்கிறது. நெல் புழுங்கிய காலத்தில் பெண்கள் காலால் கிளறிக் கிளறி வழவழத்துப்போன தரை. மழைநீர் வழிவதற்காக ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்திருக்கிறது. ஆலை நின்ற பின், தை மாசியில் மட்டும் யாராவது மக்காச்சோளம் காயவைப்பார்கள். மற்ற மாதங்களில் ஆடுகள் படுத்திருக்கும். நாம் இத்தனை ஆண்டுகள் அதைக் கடந்து போயிருக்கிறோம். அது ஓடுதளம் என்று நமக்குத் தோன்றியதே இல்லை.

களத்துக்காரரிடம் நாமே சென்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, “விழுந்து பல்லு உடைஞ்சா என்னையக் கேக்கக் கூடாது” என்றார். அதுவே அனுமதி. பேத்தியும் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரும் தென்னந்துடைப்பம் எடுத்து இரண்டு நாள் கூட்டினார்கள். பாளம் பாளமாகப் போட்ட தரையாதலால் இணைப்புகளில் விரல் நுழையும் வெடிப்புகள் இருந்தன. சக்கரம் அங்கே மாட்டும். கொத்து வேலை தெரிந்த ஒருவர் ஒரு மூட்டை சிமெண்டைக் குழைத்து வெடிப்புகளை அடைத்துத் தந்தார். கூலி வாங்கவில்லை, தேநீர் மட்டும் குடித்தார். வெயில் ஏறினால் தரை கொதிக்குமாதலால், ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் வெளிச்சம் வந்ததும் ஒரு மணி நேரம் என்று நேரம் வகுத்துக்கொண்டோம். இருந்தது ஒரே ஜோடிக் காலணி. முறைவைத்து, ஒருவர் இரண்டு சுற்று. கால் சிறுத்தவர்கள் முன்பக்கம் துணி திணித்துக்கொண்டார்கள். தலைக்கவசத்துக்கு அவரவர் அத்தாவின் மோட்டார் சைக்கிள் தலைக்கவசம். அது குழந்தைகளின் தோள்வரை இறங்கியதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது.

விடுமுறை முடிந்து பேத்தி கோவைக்குத் திரும்பியபோது, காலணியை எடுத்துப் போகவில்லை. அவளுக்குக் கால் வளர்ந்துவிட்டதாம். இனி அது சிறிதாகிவிடும் என்று சொல்லித் தெருக்கோடி வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். நாம் அளந்து பார்த்தோம். அப்படி ஒன்றும் வளர்ந்திருக்கவில்லை.

ஆடிக் காற்றில் களம் புழுதியால் மூடியது, பிள்ளைகள் கூட்டினார்கள். ஐப்பசி மழையில் பத்துப் பன்னிரண்டு நாள் ஓட்டம் நின்றது. இப்போது இரண்டாவதாக ஒரு ஜோடிக் காலணி, திண்டுக்கல்லில் யாரோ பயன்படுத்திவிட்டு விற்றது, வந்து சேர்ந்திருக்கிறது. முகம் சுளித்த பெரியவர் சில காலைகளில் புகைபோக்கியின் நிழலில் நின்று, எவர் எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். முறை மீறுவோரை அதட்டுவதும் உண்டு. தை பிறந்ததும் மக்காச்சோளம் வந்துவிடும். ஒரு பாதியையாவது விட்டுவைக்க முடியுமா என்று களத்துக்காரரிடம் கேட்கப் பிள்ளைகள் எம்மையே அனுப்புவதாக முடிவு செய்திருக்கிறார்கள். வரும் வெள்ளி, ஜும்ஆ முடிந்ததும் போகிறோம்.